நாய் ஏன் ஆள்மேல் தாவுகிறது? எப்படி நிறுத்துவது?

தாவுதல் என்பது நாயின் வணக்கம். குட்டிகள் தாயின் வாயை நக்கித்தான் வரவேற்கும். நம் முகமோ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அதனால் எம்பிக் குதிக்கிறது. "ச்சீ, இறங்கு!" என்று தள்ளினாலும் அதற்கு லாபம்தான், தொட்டுப் பேசிவிட்டீர்களே. கடைவாசலில் புரண்டு அழும் பிள்ளைக்குப் பத்தாவது நிமிடம் மிட்டாய் வாங்கித் தந்தால் மறுநாளும் பத்து நிமிடம் அழும் அல்லவா, அதே கணக்கு.

தாவினால் கையைக் கட்டி, முகத்தைத் திருப்பி, மரம்போல் நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட நொடியே குனிந்து மார்பைத் தடவிக் கொடுங்கள். முதல் சில நாள் தாவல் கூடவே செய்யும், அசையாதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் ரகசியமாகக் கொஞ்சினாலும் பாடம் கெட்டது (எங்கள் வீட்டில் அது தாத்தா).

நம்மை அடக்கி ஆளத்தான் தாவுகிறது, முழங்காலால் நெஞ்சில் இடித்தால் சரியாகும் என்பார்கள். அது தவறு, இடித்தால் காயமும் பயமும்தான் மிஞ்சும்.