ஆறு புள்ளிகளில் போன உரிமம்: வாசகர் கேள்வி–பதில்

எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்றவர்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். தனிப்பட்ட வழக்கு விவரங்களையும் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். பாலக்காடு மாவட்டச் சித்தூரில் உரிமம் எடுத்து, இங்கே பல ஆண்டுகள் கார் ஓட்டியவள். அங்கு போன பின், போன வருடம்தான் அந்த நாட்டுத் தேர்வில் தேறினாள். இரவுப் பணி முடிந்து வரும் வழியில், சிவப்பு விளக்குக்கு நின்ற நேரத்தில் கைப்பேசியை எடுத்து வார்டிலிருந்து வந்த செய்தியைப் பார்த்திருக்கிறாள். 200 பவுண்டு அபராதம், உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள் என்று அறிவிப்பு வந்தது, பணத்தைக் கட்டிவிட்டாள். இப்போது உரிமமே ரத்து என்று கடிதம் வந்திருக்கிறது. முதல் தவறுக்கே இப்படிச் செய்வார்களா? இரண்டு வருடம் ஓட்டாமல் இருந்தால் திரும்பக் கிடைக்குமா? ஊர் லைசென்சை வைத்து ஓட்டலாமா? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: செய்வார்கள். அதில் அதிகாரிகளின் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை. பிரிட்டனில் 1995ஆம் ஆண்டின் புதிய ஓட்டுநர் சட்டம் 1997 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஓட்டுநர் தேர்வில் தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த குற்றங்களுக்காக உரிமத்தில் ஆறு புள்ளிகள் சேர்ந்துவிட்டால், உரிம அலுவலகம் அந்த உரிமத்தை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. மற்ற ஓட்டுநர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 12 புள்ளிகள் என்பது வரம்பு. புதியவர்களுக்கு அதில் பாதி. வேகவரம்பை மீறினால் குறைந்தது 3 புள்ளிகள் என்பதால் இரண்டு முறை அகப்பட்டால் உரிமம் போகும். ஆனால் கைப்பேசிக்கு 2017 மார்ச் முதல் ஒரே தடவையில் 6 புள்ளிகள். காப்பீடு இல்லாமல் ஓட்டினாலும் குறைந்தது 6. ஆகவே புதியவர் ஒருவருக்கு இந்த இரண்டில் எது நேர்ந்தாலும் முதல் தவறே கடைசித் தவறாகிவிடுகிறது.

வண்டி நின்றுதானே இருந்தது என்று தங்கள் மகள் நினைத்திருக்கலாம். சிக்னலில் நிற்பதும் நெரிசலில் ஊர்வதும் அங்கே ஓட்டுவதாகவே கொள்ளப்படும். 2022 மார்ச் 25 முதல் சட்டம் இன்னும் இறுகி, கையில் பிடித்த கைப்பேசியில் படம் எடுப்பதும், பாட்டு மாற்றுவதும், செய்தியைத் தள்ளிப் பார்ப்பதும் குற்றமாகிவிட்டன. அவசர உதவிக்கு 999ஐ அழைப்பது, நிறுத்திய வண்டியிலிருந்தபடியே கடைச் சாளரத்தில் கைப்பேசியால் பணம் செலுத்துவது போன்ற சில விலக்குகளே உண்டு.

பல ஆண்டுகள் ஓட்டியவள் எப்படிப் புதிய ஓட்டுநர் ஆவாள் என்ற கேள்வி தங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கு பிரிட்டனிலோ, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகள் முதலிய குறிப்பிட்ட சில இடங்களிலோ தேர்வில் தேறிய நாளிலிருந்து தொடங்குகிறது. பாலக்காட்டுச் சாலைகளில் பெற்ற அனுபவம் அதில் சேராது. ஊரில் இருபது ஆண்டுகள் ஓட்டிவிட்டுப் போகிறவரும் அங்கே தேறிய மறுநாள் புதியவர்தான். செவிலியர் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்பது என் எண்ணம்.

இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதால் எதுவும் திரும்ப வராது. ரத்து என்பது குறிப்பிட்ட காலத்துக்கான தடை இல்லை; உரிமம் பெறாத நிலைக்கே திரும்பிப் போவது. அவர் மறுபடியும் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் முதலிலிருந்து தேற வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். ஆபத்தை முன்கூட்டி உணரும் காணொளிப் பகுதியில் 75க்கு 44 எடுக்க வேண்டும். அதுவரை முன்னும் பின்னும் எல் பலகை மாட்டி, 21 வயது நிரம்பி மூன்று ஆண்டுகளாவது முழு உரிமம் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே ஓட்டலாம். பழகுநருக்கான காப்பீடு தனியாக வேண்டும். பழைய காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்கவும் வேண்டும். ஓட்டுத் தேர்வுக்கு இடம் கிடைக்கப் பல மையங்களில் மாதக்கணக்கில் ஆவதால் விண்ணப்பத்தை இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.

ஊர் லைசென்சைக் கொண்டு அங்கே ஓட்டுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். இந்திய உரிமம் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கே செல்லும். அந்தக் காலம் அவருக்கு முடிந்துவிட்டது. மீறி ஓட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றமும், அதன் வழியாகக் காப்பீடின்றி ஓட்டிய குற்றமும் சேர்ந்து, ஏற்கெனவே உள்ள ஆறோடு 12ஐத் தொட்டுவிடும். அப்போது நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் தடையே விதிக்கலாம். மறுதேர்வில் தேறினாலும் இந்த ஆறு புள்ளிகள் அழிவதில்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் உரிமப் பதிவில் இருக்கும். ஒரே ஆறுதல், மறுதேர்வுக்குப் பிறகு இன்னொரு இரண்டாண்டு சோதனைக் காலம் கிடையாது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது இங்குள்ள உரிமம் காலாவதியாகாமல் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். அங்கத்திய புள்ளிகள் இங்கே ஏறுவதில்லை.

மேல்முறையீடு பற்றியும் கேட்பீர்கள். ரத்து உத்தரவை எதிர்த்து முறையிட முடியாது. அதற்குக் காரணமான குற்றத் தீர்ப்பையோ தண்டனையையோ எதிர்த்துத்தான் முறையிடலாம். அறிவிப்பு வந்ததும் பணம் கட்டாமல், நீதிமன்ற விசாரணை வேண்டும் என்று கேட்க 28 நாள் இருந்தது. பணம் கட்டியதோடு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. விசாரணை கேட்டிருந்தாலும், கைப்பேசி கையில் இருந்தது உண்மையானால் முடிவு மாறியிருக்காது. ஆனால் “கட்டித் தொலைத்துவிட்டால் முடிந்தது” என்ற நம் ஊர்ப் பழக்கம் கடல் கடந்தும் கூடவே போகிறது என்பதற்குத் தங்கள் கடிதம் சாட்சி. வேகவரம்பை மீறியவர்களுக்குச் சில நேரம் காவல்துறையே புள்ளிக்குப் பதிலாக விழிப்புணர்வு வகுப்பை முன்வைக்கும். மூன்று புள்ளிகளோடு இருக்கும் புதியவருக்கு அந்த வகுப்புதான் உரிமத்தைக் காப்பாற்றும். கட்டணத்தைப் பார்த்து மறுத்துவிடக் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. பொள்ளாச்சியில் உரிமம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பைக்கில் நண்பர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு கோவிந்தாபுரம் வழியாக நெல்லியாம்பதி போனபோது கேரள மோட்டார் வாகனத் துறையினர் பிடித்தார்கள். அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டான். இப்போது உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு லைசென்சில் கேரளம் கை வைக்க முடியுமா? புதியவன் என்று சலுகை காட்டுவார்களா? – வாசகர், ஆனைமலை

பதில்: நம் சட்டத்தில் புதிய ஓட்டுநர் என்று தனி வகுப்பு கிடையாது, ஆகவே கூடுதல் தண்டனையும் இல்லை, சலுகையும் இல்லை. உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்பதால் எந்த மாநிலத்தில் செய்த குற்றமும் அந்த உரிமத்தைத் தொடும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, இருசக்கர வண்டியில் மூவர் செல்வதற்கு 194சி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதத் தகுதிநீக்கமும் உண்டு. தலைக்கவசம் இல்லாவிட்டால் 194டி பிரிவின்படி அதே தண்டனை. 206ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, இவற்றோடு அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பந்தயம், ஆம்புலன்சுக்கு வழிவிடாமை ஆகிய குற்றங்களிலும் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது.

அபராதம் கட்டிய பிறகு நோட்டீஸ் எப்படி என்று திகைக்க வேண்டாம். 200ஆம் பிரிவில் 2019இல் சேர்த்த நிபந்தனை இதைத் தெளிவாகச் சொல்கிறது: கட்டணம் செலுத்தி குற்றத்தை முடித்துக்கொண்டாலும் உரிமத்தின் மீதான நடவடிக்கை நிற்காது, அடுத்த முறை அதே குற்றம் செய்தால் இது முதல் குற்றமாகவும் எண்ணப்படும். முதல் தடவைக்கு மூன்று மாதம், இரண்டாம் தடவைக்கு உரிமமே ரத்து என்று 19ஆம் பிரிவு வைத்திருப்பதால் இந்தக் கணக்கு முக்கியமானது. இந்தக் குற்றங்களில், பிரிட்டனைப் போல எண்ணிக்கை ஏறி ஏறி ஓரிடத்தில் முறியும்வரை காத்திருப்பதில்லை. முதல் தவறிலேயே உரிமம் அதிகாரியின் மேசைக்குப் போகிறது. ஆனால் மேசைக்கு அப்பால் இருப்பவர் தங்கள் மகன் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதனால் நோட்டீஸ் மலையாளத்தில் வந்தாலும் பெட்டிக்குள் போட்டுவிடாமல், மொழி தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லி, குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுங்கள். அதிகாரி விளக்கத்தைக் கேட்டு, காரணங்களை எழுதியே உத்தரவிட வேண்டும். திருப்தி ஏற்பட்டால் விடுவிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முதல் குற்றம் என்பதையும், உடன் வந்தவர் யாருக்கும் காயம் இல்லை என்பதையும் உண்மையாக இருந்தால் எழுதலாம். வண்டியில் இருவர்தான் இருந்தோம் என்று புகைப்படத்துக்கு எதிராக எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிறுத்திவைக்கப்பட்டவர் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

அந்த மூன்று மாதமும் வண்டிச் சாவியை அவனிடம் கொடுக்காதீர்கள். தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டினால் 182ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில் இருக்கிறது. தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் ஓட்டினார் என்பது காப்பீட்டு நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதம். தீர்ப்பாயம் இழப்பீட்டை முதலில் நிறுவனத்தையே கட்டச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிப்பதுண்டு. பதிவுப் புத்தகத்தில் இருப்பது தங்கள் பெயராயிற்றே.

கேள்வி: நகரியிலிருந்து எழுதுகிறேன். 16 வயதில் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று டிரைவிங் ஸ்கூலில் சொன்னார்கள். மகன் டியூஷனுக்கு 110 சிசி வண்டியில் போகிறான். சரிதானே?

பதில்: சரியில்லை. 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத இயந்திரம் கொண்ட வண்டிக்கான உரிமம். தங்கள் வீட்டு வண்டி அதற்குள் வராது. 199ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிய குற்றத்துக்குப் பெற்றோரோ உரிமையாளரோ பொறுப்பு. அவர்கள் அனுமதித்ததாகவே நீதிமன்றம் முதலில் கருதும். தெரியாமல் நடந்தது என்றால் அதைத் தாங்களே நிரூபிக்க வேண்டும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. அந்த வயதுக்குள் வேலைக்குப் போக வேண்டியவனுக்கு இதுதான் பெரிய அடி. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் கொண்ட, எடை 60 கிலோவைத் தாண்டாத சிறிய மின்வண்டிக்கு உரிமம் தேவையில்லை. டியூஷனுக்கு அது போதும்.

கேள்வி: பிரிட்டனைப் போலப் புள்ளி முறை இங்கும் வருமா? – வாசகர், குப்பம்

பதில்: பக்கத்து மாநிலத்திலேயே வந்தது. தெலங்கானா 2017 ஆகஸ்ட் 1 முதல், 24 மாதங்களில் 12 புள்ளிகள் சேர்ந்தால் உரிமத்தை ஓராண்டு நிறுத்திவைக்கும் முறையை அறிவித்தது. அதற்கு முன் 2014இல் மத்திய அரசு தயாரித்த சாலைப் போக்குவரத்து, பாதுகாப்பு மசோதா வரைவிலும் புள்ளிகள் இருந்தன, அது சட்டமாகவில்லை. அதன் இடத்தில் வந்த 2019 திருத்தம் புள்ளிகளை விட்டுவிட்டு, நேரடித் தகுதிநீக்கத்தை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் புள்ளி முறையே மேல். ஓட்டுபவருக்குத் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதைப் பழகித்தான் ஆக வேண்டும்: ஐக்கிய அரபு அமீரகத்தில் 24 கறுப்புப் புள்ளிகளில் உரிமம் நிறுத்தப்படுகிறது.

கேள்வி: செங்கோட்டையில் எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறேன். ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரை ஓட்டிப் பழகலாமா? தேர்வைக் கேரளத்திலேயே கொடுக்கலாமா?

பதில்: ஓட்டலாம், பழகுநர் உரிமமும் நாடு முழுவதும் செல்லும். காரில் உரிமம் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தும்படியாகப் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ பலகை முன்னும் பின்னும் வேண்டும். இருசக்கர வண்டியானால் பயிற்றுநரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தேர்வை மட்டும் தாங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்திலோ, ஓட்டக் கற்ற பயிற்சிப் பள்ளி இருக்கும் மாநிலத்திலோதான் கொடுக்க வேண்டும், எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, அது செல்லுபடியாகும் ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.