ஹெபடைடிஸ் பி, 26 வாரம்: பிள்ளைக்குத் தொற்றுமா?

தங்கச்சி, நிலாவெளியில இருந்து 26 வாரக் கர்ப்பத்தில் ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) பொசிட்டிவ் என்று எழுதியிருந்தீங்க. பிள்ளைக்குத் தொற்றலாம், ஆனால் பெரும்பாலும் தடுக்கலாம். இப்பவே இரத்தத்தில் வைரஸ் அளவு பார்க்கச் சொல்லுங்க. மில்லிலீற்றருக்கு 2 இலட்சம் யுனிட்டைத் தாண்டினால் 28ஆம் வாரமளவில் வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் குளிசை தொடங்குவாங்க. அதை நீங்களா நிறுத்தாதீங்க, ஈரல் அழற்சி திடீரென்று கூடும்.

முக்கியம், பிறந்த முதல் 12 மணித்தியாலம். ஒரு தொடையில் தடுப்பூசி, மற்றத் தொடையில் இம்யூனோகுளோபியூலின் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசி). கிளினிக்கில் 2ஆம் மாதம் ஊசி போடுவாங்கதானே என்று இருந்திடாதீங்க. தொற்று பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான், அந்த ஊசி பிந்திடும். இரண்டு மருந்தும் கையிருப்பில் இருக்குமா என்று பிரசவத்துக்குப் போகிற ஆஸ்பத்திரியில் இப்பவே கேட்டு, கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதுவியுங்க.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்க. காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கத்தைத் தவிருங்க. கணவருக்கும் பரிசோதனை செய்யுங்க.