ஓடையில் கிடக்கும் மரம் குப்பையல்ல

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், ஓரிகனில் இருக்கிறாள். அங்கே வியாபாரத்துக்காக மரம் வெட்டும் காட்டில், பெரிய மரங்களை இயந்திரத்தால் தூக்கி ஓடைக்குள் போட்டார்களாம். கேட்டால் சால்மன் மீனுக்காக என்றார்களாம். மரம் கிடந்தால் மீன் போகிற வழி அடைபடாதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அடைபடும் என்றுதான் அங்குள்ள அரசுத் துறைகளும் ஒரு காலத்தில் நினைத்தன. 1970கள் வரைகூட, ஓடையைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விழுந்த மரங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். மரங்களோடு மடுக்களும் போயின. குறுக்கே மரம் கிடந்தால்தான் தண்ணீர் அதன் அடியைக் குடைந்து மடு உண்டாக்கும், முட்டையிடத் தேவையான கூழாங்கல்லும் அங்கே தங்கும். கோஹோ சால்மன் குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஒரு வருடத்துக்கு மேல் ஓடையில் வளர்கிறது. மழைக்கால வெள்ளத்தில் அது ஒதுங்கி நிற்க வேறு இடம் ஏது?

ஆனால், இப்படிக் கொண்டுவந்து போடும் மரத்தைவிடக் கரையில் நிற்கும் மரம் முக்கியம் என்பேன். நான் மாணவர்களுக்கு முதலில் சொல்லும் பாடமே ஓரிகனின் ஆல்சி ஆற்றுப் பகுதியில் 1959இல் தொடங்கிய ஆய்வுதான். பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஓடைகள். ஃபிளின் கிரீக்கைத் தொடவில்லை. டீர் கிரீக்கில் அங்கங்கே வெட்டினார்கள், கரையோரம் ஒரு பட்டை மரங்களை விட்டுவைத்தார்கள். நீடில் பிராஞ்சில் 1966இல் கரைவரை மொட்டையடித்தார்கள். அடுத்த வருடமே அங்கே தண்ணீரின் உச்ச வெப்பம் 14 டிகிரி செல்சியஸிலிருந்து 29ஐத் தாண்டியது! குளிர்ந்த நீரில் வாழும் மீனுக்கு அது கொதிநீர். கட்த்ரோட் டிரவுட் மீன்கள் வெகுவாகக் குறைந்தன. கரை மரங்கள் நின்ற டீர் கிரீக்கில் சொல்லும்படி வெப்பம் ஏறவில்லை. இதையெல்லாம் கண்ட பிறகுதான் 1971இல் ஓரிகன் தன் காட்டுத்தொழில் சட்டத்தைக் கொண்டுவந்தது.

லாரிப் பாதைகளும் இருக்கின்றன. அங்கிருந்து வழியும் வண்டல் கூழாங்கல் இடுக்குகளை அடைத்தால் உள்ளே இருக்கும் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பாதைக்கு அடியில் பதிக்கும் குழாயின் வாய் ஓடைமட்டத்துக்கு மேலே தொங்கினால், மீன் ஏறவே முடியாது.

மீனே இல்லாத உச்சி ஓடைகளுக்கும் நிழல் தரும் கரை மரங்களை விட்டுவைக்க வேண்டுமா என்று மரக் கம்பெனிகள் கேட்பது வழக்கம். கட்டாயம் விட வேண்டும். அங்கே சூடான தண்ணீரும் கலங்கிய மண்ணும்தானே கீழே மீனிடம் வந்து சேர்கின்றன?

மகள் மறுபடி அந்தப் பக்கம் போனால், வெட்டிய இடத்தில் கரையோரம் எத்தனை அடி அகலத்துக்கு மரம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.