வாசகர் கேள்வி பதில்: சி-ஸ்பேனுக்கு ஒரு கடிதம்

அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஆண்டு முழுவதும் காட்டிவரும் சி-ஸ்பேன் தொலைக்காட்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அதற்கு நேயர்கள் எழுதும் கடிதங்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டோம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): சி-ஸ்பேன் அரசு நடத்தும் தொலைக்காட்சிதானே? அரசு நிறுவனத்திற்கு நேயர் கடிதம் எழுதி என்ன பயன் காணப் போகிறார்?

அரசு நடத்துவதன்று. நாடாளுமன்றத்தைக் காட்டுவதால் அது நாடாளுமன்றத்தின் பணத்தில்தான் நடக்கிறது என்ற எண்ணம் அமெரிக்கர்களிடமே பரவலாக உள்ளது. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த பிரையன் லேம்ப் என்னும் பத்திரிகையாளர், கேபிள் நிறுவனங்களிடம் முதல் திரட்டித் தொடங்கிய இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு அது. 1979 மார்ச் 19 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குள் தொலைக்காட்சி முதன்முதலாக நுழைந்தபோது, கேமராவின் முன் முதலில் பேசியவர் டென்னசி மாநிலத்தின் இளம் உறுப்பினராக இருந்த ஆல் கோர். மேலவையான செனட் சபை மேலும் ஏழாண்டுகள் தயங்கிவிட்டு, 1986 ஜூன் மாதத்தில்தான் கதவைத் திறந்தது. கேபிள் இணைப்பு பெற்ற ஒவ்வொரு வீட்டின் கணக்கிலும் மாதத்திற்குச் சில சென்ட்டுகள் இந்நிறுவனத்திற்குப் போய்ச் சேர்கின்றன. அரசு மானியம் கிடையாது, தொலைக்காட்சியில் வணிக விளம்பரமும் கிடையாது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கான பதிலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. விளம்பரம் விற்காத தொலைக்காட்சிக்கு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் எண்ணிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே பார்வையாளர் எண்ணிக்கைப் பட்டியலுக்கு அது நெடுங்காலம் சந்தா கட்டியதும் இல்லை. ஒரு குழு விசாரணையை ஐந்து மணி நேரம் வெட்டாமல் ஒளிபரப்பிய பிறகு, அதை யாராவது கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்களா என்பதை அந்த அலுவலகம் எப்படித் தெரிந்துகொள்ளும்? ஒருவர் கடிதம் எழுத வேண்டும், அல்லது தொலைபேசியில் அழைக்க வேண்டும். மற்ற தொலைக்காட்சிகளில் நேயர் கடிதம் ஓர் அலங்காரம். இங்கே பார்ப்பவர் இருக்கிறார் என்பதற்கான சான்றே அதுதான்.

கேள்வி (மதுரை வாசகி): வெறும் பேச்சைக் காட்டும் தொலைக்காட்சியில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நேயர்கள் எதைப் பற்றி எழுதுவார்கள்?

கேமராவைப் பற்றி. உறுப்பினர் ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்வரிசையில் இருப்பவர்களின் முகத்தை ஏன் காட்டவில்லை, சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்பது எந்த நேயருக்கும் இயல்பு. அந்தக் கேள்வி போக வேண்டிய முகவரி சி-ஸ்பேன் அன்று. சபைக்குள் உள்ள கேமராக்கள் சபைக்கே சொந்தம். அவற்றை இயக்குபவர்கள் சபையின் ஊழியர்கள். பேசுபவரையும் தலைமை இருக்கையையும் தவிர வேறெதையும் பொதுவாகக் காட்டக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி. சபை தரும் காட்சியை அப்படியே எடுத்து ஒளிபரப்புவது மட்டுமே சி-ஸ்பேனின் வேலை. செனட்டிலும் இதே ஏற்பாடுதான்.

இந்த விதி எவ்வளவு பெரிய திரையாக இருந்தது என்பது 1984 மே மாதத்தில் வெளிப்பட்டது. நியூட் கிங்ரிச்சும் அவருடைய குடியரசுக் கட்சித் தோழர்களும், அன்றைய அலுவல்கள் முடிந்த பிறகு கிடைக்கும் சிறப்பு நேரத்தில் ஜனநாயகக் கட்சியினரைக் கடுமையாகச் சாடி, 'எழுந்து பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்' என்ற தோரணையில் பேசிவந்தார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை, இருக்கைகள் காலி. வீட்டில் இருந்து பார்ப்பவருக்கோ, குற்றம் சாட்டப்பட்டவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். சபாநாயகர் டிப் ஓ'நீல் பொறுமை இழந்து, சபை முழுவதையும் சுற்றிக் காட்டும்படி கேமராக்காரர்களுக்கு முன்னறிவிப்பின்றி உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து மூண்ட சச்சரவில் சபாநாயகரின் சொற்களே வரம்பு மீறியவை என்று பதிவிலிருந்து நீக்கப்பட்டது வேறு கதை. ஓ'நீல் செய்தது கோபத்தில் செய்த காரியம்தான் என்றாலும், காலி இருக்கைகளை நேயருக்குக் காட்டியதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நேயர்கள் சி-ஸ்பேனுக்கு எழுதுவதைப் போலவே, சி-ஸ்பேன் சபாநாயகருக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. எங்கள் கேமராக்களையும் உள்ளே அனுமதியுங்கள் என்று கிங்ரிச் சபாநாயகரானபோதும் கேட்டார்கள். நான்சி பெலோசி பொறுப்பேற்கவிருந்த 2006 இறுதியிலும் கேட்டார்கள். 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்திக்கும் எழுதினார்கள். இரு கட்சிச் சபாநாயகர்களிடமிருந்தும் கிடைத்தது ஏமாற்றமே. 2023இல் எழுதியதற்குத் தனிக் காரணம் இருந்தது. புதிய சபையின் தொடக்க நாள் போன்ற சிறப்பு நிகழ்வுகளுக்கு மட்டும் சி-ஸ்பேன் தன் கேமராக்களைக் கொண்டுசெல்லலாம். அந்த ஆண்டு சபாநாயகர் தேர்தல் 15 சுற்றுகள் வரை இழுத்ததால், அந்தச் சுதந்திரம் ஒரு நாளில் முடியாமல் நாட்கணக்கில் நீடித்தது. யார் யாரிடம் போய்க் கெஞ்சுகிறார், எதிரெதிர்க் கட்சியினர் எந்த மூலையில் தனியாகப் பேசுகிறார்கள், யார் யாரை நோக்கிப் பாய்கிறார் என்பதையெல்லாம் மக்கள் முதன்முறையாக நேரில் நிற்பவரைப் போலப் பார்த்தார்கள். சபாநாயகர் தேர்வானதும் கேமரா பழையபடி பேசுபவரின் முகத்திற்குத் திரும்பிவிட்டது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): கடிதம் எழுதி எதையாவது மாற்ற முடிந்ததா? நேரடியாகச் சொல்லுங்கள்.

ஓரளவுக்கு மட்டும். 1992இல் நிறைவேறிய கேபிள் சட்டம் உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களைக் கேபிள் நிறுவனங்கள் கட்டாயமாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று விதித்தது. அந்நாளைய கேபிளில் இடம் குறைவு. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை நீக்க வேண்டும். காசு ஈட்டித் தராத சி-ஸ்பேனின் மேல் முதலில் கத்தி விழுந்ததில் வியப்பில்லை. பல லட்சம் வீடுகளில் அதன் இரண்டு அலைவரிசைகளில் ஒன்று முழுமையாக மறைந்தது, அல்லது நாளின் ஒரு பகுதிக்கு மட்டும் வந்துபோனது. மக்களாட்சியைக் காட்டும் அலைவரிசையை, அந்த மக்களாட்சியின் சபை இயற்றிய சட்டமே வெட்டியது.

அப்போது சி-ஸ்பேனுக்கு எழுதிய நேயர்கள், எழுத வேண்டிய இடம் வேறு என்பதை அறிந்துகொண்டார்கள். எந்த அலைவரிசை வீட்டுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது உள்ளூர்க் கேபிள் நிறுவனம்; அந்த நிறுவனத்திற்குத் தெருவில் கம்பி இழுக்க உரிமம் கொடுப்பது நகராட்சி. எனவே கடிதங்கள் அங்கே போயின. உரிமம் புதுப்பிக்கும் வேளையில் நகராட்சி மன்றத்தில் எழுந்து நின்று கேட்கும் சந்தாதாரரைக் கேபிள் நிறுவனம் எளிதில் தள்ளிவிட முடியாது. சட்டமோ மாறவில்லை. கேபிள் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. பின்னாளில் இடப்பற்றாக்குறையைப் பெருமளவு தீர்த்தது டிஜிட்டல் தொழில்நுட்பமேயன்றி யாருடைய கடிதமும் அன்று. இன்றைய சிக்கல் வேறு வகையானது: கேபிளையே துண்டித்துவிட்டு இணையத்திற்குப் போகும் வீடு பெரும்பாலும் அந்தச் சில சென்ட்டுகளையும் உடன்கொண்டு போகிறது.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): தொலைபேசியில் பேசும் வசதி வந்த பிறகு கடிதம் எதற்கு?

தொலைபேசி வசதி மிகவும் பழையது. 1980 அக்டோபர் 7 அன்று முதல் அழைப்பு தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. 1995 முதல் நாள்தோறும் காலையில் வரும் 'வாஷிங்டன் ஜர்னல்' நிகழ்ச்சியில் குடியரசுக் கட்சியினர், ஜனநாயகக் கட்சியினர், எக்கட்சியையும் சாராதவர்கள் என்று தனித்தனித் தொலைபேசி எண்கள் உண்டு. ஒருவர் 30 நாட்களுக்கு ஒருமுறைதான் பேசலாம் என்பது விதி. எப்போதும் ஒரே குரல் கேட்கக் கூடாது என்ற நோக்கம் சரியானதே. நாள்தோறும் நம் அலுவலகத்தை அழைக்கும் சில அன்பர்களுக்கும் இவ்விதியைப் பரிந்துரைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

கடிதம் எழுதுபவர் அடித்துத் திருத்தி எழுதலாம். தொலைபேசியில் பேசுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை, அதனாலேயே சில அழைப்புகள் எந்தக் கடிதமும் எட்டாத இடத்தை எட்டின. 2014 டிசம்பரில், எதிரெதிர்க் கட்சிகளுக்கு வேலை செய்யும் சகோதரர்கள் இருவர் ஸ்டூடியோவில் வாதாடிக்கொண்டிருந்தபோது வட கரோலினாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. குரலைக் கேட்ட மாத்திரத்தில் மகன் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அழைத்தவர் அவர்களுடைய தாயார்! கிறிஸ்துமஸுக்கு வீட்டிற்கு வரும்போதாவது இந்தச் சண்டை இல்லாமல் இருக்கட்டும் என்பதே அவர் நாட்டு மக்கள் முன் வைத்த கோரிக்கை.

2016 ஆகஸ்டில் நடந்தது இதைவிட ஆழமானது. கறுப்பினத்தவரான ஹெதர் மெக்கீ விருந்தினராக அமர்ந்திருந்தார். அழைத்தவர் தம்மை வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு, தமக்குள் இனத் தப்பெண்ணம் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதை மாற்றிக்கொண்டு நல்ல அமெரிக்கராவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மெக்கீ முதலில் அவருக்கு நன்றி சொன்னார். பிறகு, கறுப்பினக் குடும்பங்களோடு பழகுங்கள், இரவுச் செய்தியை வைத்து எங்களைப் பற்றிய கருத்தை உருவாக்கிக்கொள்ளாதீர்கள், எங்கள் வரலாற்றைப் படியுங்கள் என்ற பொருளில் நிதானமாகப் பதில் சொன்னார். பிற்பாடு இருவரும் நேரில் சந்தித்தார்கள். இந்த உரையாடலைக் கடிதத்தில் எழுதியிருந்தால், அனுப்புவதற்கு முன் அந்த மனிதரே கிழித்துப் போட்டிருக்கக்கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி (வேலூர் வாசகர்): சி-ஸ்பேன் எந்தக் கட்சிப் பக்கம்?

அழைக்கும் இடதுசாரியைக் கேட்டால் வலப்பக்கம் என்பார், வலதுசாரியைக் கேட்டால் இடப்பக்கம் என்பார். நெறியாளர் தம் கருத்தைச் சொல்வதில்லை, நேயர் எவ்வளவு உளறினாலும் பெரும்பாலும் முகம் மாறுவதில்லை. ஒளிபரப்பில் அப்பட்டமான பொய் சொல்லும் நேயரைத் திருத்தாமல் விடுவதும் நடுநிலைதானா என்ற கேள்வி நியாயமானது. அந்த இடத்தில் எனக்கும் அந்நிறுவனத்தின் மேல் மனத்தாங்கல் உண்டு.

கேள்வி (சென்னை வாசகர்): சென்னைத் தொலைக்காட்சியின் 'எதிரொலி' நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொன்னார்களே, அதுபோன்றதா இது?

எங்கள் தலைமுறைக்கு அந்த நினைவு வருவது இயல்பு. ஆனால் 'எதிரொலி'யில் பதில் சொன்னவர்களின் கையில் நிகழ்ச்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படம் பழையதாக இருக்கிறது என்று எழுதினால், வேறு படம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. நாடாளுமன்றப் பேச்சு சலிப்பூட்டுகிறது என்று எழுதும் நேயருக்கு சி-ஸ்பேன் என்ன செய்து தர முடியும்?

கேள்வி (திருநெல்வேலி வாசகி): நானும் எழுத விரும்புகிறேன். இந்தியாவிலிருந்து எழுதலாமா? எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

தாராளமாக எழுதலாம், மின்னஞ்சலிலும் எழுதலாம். முதலில், உங்கள் குறை யாரிடம் சொல்ல வேண்டியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சபைக் கேமராவைப் பற்றியது என்றால் அது சபாநாயகருக்குரியது. உச்ச நீதிமன்ற விசாரணையை ஏன் காட்டுவதில்லை என்பது உங்கள் கேள்வியானால், அது நீதிபதிகளுக்குரியது; கேமரா உள்ளே வர வேண்டுமானால் என் பிணத்தின் மேல்தான் உருண்டு வர வேண்டும் என்று 1996இல் நீதிபதி டேவிட் சூட்டர் சொன்ன மன்றம் அது. பெருந்தொற்றுக் காலமான 2020 மே மாதத்தில்தான் விசாரணையின் ஒலியை மட்டும் நேரலையாகக் கேட்க அவர்கள் அனுமதித்தார்கள். நிகழ்ச்சித் தேர்வு, நெறியாளர், விருந்தினர் ஆகியவை பற்றிய குறைகளே சி-ஸ்பேனுக்குரியவை.

இரண்டாவதாக, நாளையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். 1987 முதலான அதன் ஒளிபரப்புகள் இந்தியானாவில் தொகுக்கப்பட்டு, 2010 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்ன தேதியில் இன்ன மணிக்கு இன்னார் சொன்னது என்று எழுதினால், கடிதத்தைப் பிரிப்பவர் அடுத்த நிமிடமே அதைத் திறந்து பார்க்க முடியும்.

சபாநாயகருக்கே எழுதுவதென்று முடிவு செய்தால் தாளில் எழுதுவதைத் தவிருங்கள். 2001 அக்டோபரில் ஆந்த்ராக்ஸ் கிருமி கலந்த கடிதங்கள் செனட் உறுப்பினர்களுக்கு வந்து, வாஷிங்டன் அஞ்சல் ஊழியர்கள் இருவர் இறந்த பிறகு, அங்கே செல்லும் அஞ்சல் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்படுகிறது. கடிதம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். தாளும் பழுப்பேறி, நொறுங்கும் பதத்தில் இருக்கலாம்.