பிஎம்பி கோப்பில் நிழல் வெட்டுப்படுவதும் வண்ணப் பட்டைகள் தோன்றுவதும்

வணக்கம். மென்மையான நிழல் கொண்ட சின்னத்தை 'ஏ1 ஆர்5 ஜி5 பி5' என்ற தெரிவில் பிஎம்பி கோப்பாகச் சேமித்ததும் நிழல் வெட்டுப்பட்டதாகவும், நீல வண்ணச் சரிவில் பட்டைகள் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெரிவில் எழுத்து சேனலையும், அதாவது படத்தின் ஒரு நிறக் கூறையும் (ஏ ஆல்ஃபா, ஆர் சிவப்பு, ஜி பச்சை, பி நீலம்), எண் அதற்கு ஒதுக்கப்பட்ட பிட்டுகளையும் குறிக்கின்றன. ஒளிபுகும் தன்மையைப் பதிவுசெய்யும் ஆல்ஃபா சேனலுக்கு ஒரே ஒரு பிட் கிடைப்பதால், ஒரு பிக்சல் முழுமையாகத் தெரியும் அல்லது முழுமையாக மறையும். பாதி மங்கிய நிழலுக்கு அங்கே இடமே இல்லை. நீலத்துக்குக் கிடைப்பவை 5 பிட்டுகள், அதாவது 32 படிநிலைகள் மட்டுமே. 8 பிட்டுகள் இருந்தால் 256 கிடைக்கும்.

'ஆர்5 ஜி6 பி5' உங்களுக்கு உதவாது. நம் கண் பச்சையை நுட்பமாக உணர்வதால் அதில் பச்சைக்கு ஒரு பிட் கூடுதலாகத் தரப்படுகிறது. நீலம் அப்படியே இருக்கும், ஆல்ஃபாவும் போய்விடும்.

'ஏ8 ஆர்8 ஜி8 பி8' என்பதையே தேர்ந்தெடுங்கள். 800 × 600 பிக்சல் படத்தின் தரவு 9,60,000 பைட்டிலிருந்து 19,20,000 பைட்டாகும். இந்தத் தரத்துக்கு அது நியாயமான விலைதான். 'எக்ஸ்8' என்று தொடங்கும் தெரிவைத் தவிருங்கள், அதில் நான்காவது பைட் வெறுமனே இடத்தை நிரப்புகிறது.

படத்தின் அளவு, பிட் எண்ணிக்கை போன்ற விவரங்களைக் கோப்பின் முன்பகுதியில் சொல்லும் தலைப்பின் (header) பழைய 40 பைட் வடிவத்தை மட்டும் அறிந்த மென்பொருள்கள் பல, 32 பிட் கோப்பிலும் ஆல்ஃபாவைப் பொருட்படுத்துவதில்லை. அப்படிப்பட்ட மென்பொருளில் படத்தைத் திறக்க வேண்டியிருந்தால், சேருமிடத்தின் பின்னணி நிறத்தோடு அடுக்குகளை ஒன்றாக்கி ஆல்ஃபா இல்லாத 24 பிட்டில் ('ஆர்8 ஜி8 பி8') சேமியுங்கள்; பிஎன்ஜி ஏற்கப்படுமானால் அதுவே மேல்.