படக் கோப்பைச் சுருக்குவது: கேள்வி பதில்

கேள்வி: மொபைல் போட்டோ ஒவ்வொன்றும் 5 எம்பி. குவாலிட்டியை 40க்கு இறக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடுகிறது. வேறு வழி?

பதில்: குவாலிட்டியில் கை வைக்கும் முன் பிக்சலைக் குறையுங்கள். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000 × 3000. திரையில் பார்க்க மட்டும்தான் என்றால் 1600 × 1200 தாராளம். அதிலேயே பிக்சல்கள் ஆறில் ஒரு பங்காகிவிடும். பிறகு ஜேபெக் (JPEG) குவாலிட்டி 75 முதல் 82க்குள் வையுங்கள். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் துண்டுகளாக வெட்டித்தான் சுருக்குகிறது. அளவுக்கு மீறி இறக்கினால் அந்த வெட்டுதான் கண்ணில் படும். ஒவ்வொரு முறையும் அசல் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். சுருக்கியதையே திரும்பச் சுருக்கினால் சேதம் கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: டிபிஐயை 300லிருந்து 72 ஆக்கினேன். அளவு அசையவே இல்லையே?

பதில்: அசையாது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று அச்சுக்குச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. பிக்சல் எண்ணிக்கை மாறினால்தான் கோப்பு சிறுக்கும்.

கேள்வி: ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக்காகச் சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் இருக்கிறது.

பதில்: எழுத்து, கோடு, லோகோ என்று கூரான விளிம்பு உள்ள எதற்கும் ஜேபெக் ஆகாது. பிஎன்ஜி (PNG) வடிவத்திலேயே வைத்து, 'பிஎன்ஜிகுவாண்ட்' போன்ற கருவியால் நிறங்களை 256க்குள் அடக்குங்கள். நிறம் மெல்ல மெல்ல மாறும் பின்னணி இருந்தால் பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது டிதரிங்கை (நிறப் புள்ளிகளைக் கலந்து தூவிப் பட்டையை மறைக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். போட்டோவை பிஎன்ஜியில் சேமிப்பது இதற்கு நேர்மாறான தவறு. கோப்பு பல மடங்கு ஊதிப்போகும்.

கேள்வி: வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF) என்ற புதிய பட வடிவங்கள் இரண்டில் எது?

பதில்: இணையப் பக்கத்துக்கு வெப்பி போதும் என்பது என் கருத்து. இன்றைய பிரவுசர்கள் எல்லாம் திறக்கும். ஏவிஃப் இன்னும் சிறிதாகும், ஆனால் சுருக்க நேரம் பிடிக்கும். ஜேபெக் 80உம் வெப்பி 80உம் ஒன்றல்ல. எண்ணை நம்பாமல் படத்தை 100% அளவில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள். வெப்பியில் ஒரு பக்கம் 16383 பிக்சலைத் தாண்ட முடியாது. நீளமான ஸ்க்ரோல் ஸ்கிரீன்ஷாட்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. பிறருக்கு அனுப்புவதென்றால் ஜேபெக்தான் நிம்மதி.

கேள்வி: எக்ஸிஃப் தகவலை (கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் விவரங்கள்) நீக்கியதும் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது!

பதில்: எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் எக்ஸிஃபில்தான் இருக்கிறது. முதலில் படத்தையே திருப்பிச் சேமித்து, பிறகு நீக்குங்கள். கலர் புரொஃபைலும் (நிறத்தை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) சேர்ந்து போனால் நிறம் மங்கலாம். அதற்கு முன் திரைகளுக்குப் பொதுவான நிற முறையான எஸ்ஆர்ஜிபிக்கு (sRGB) மாற்றிவிடுங்கள். இதில் மிச்சமாவது சில கேபிதான். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் போய்விடும் என்பதே பெரிய லாபம்.

கேள்வி: எல்லாவற்றையும் சுருக்கியும் பக்கம் மெதுவாகத்தான் திறக்கிறது.

பதில்: கணினிக்கான கோப்பையே மொபைலும் இறக்குகிறதா என்று பாருங்கள். 480, 800, 1600 அகலங்களில் மூன்று கோப்பு செய்து, பக்கத்தின் எச்டிஎம்எல்லில் 'எஸ்ஆர்சிசெட்' (srcset) என்ற பட்டியலில் கொடுங்கள். கூடவே படம் எவ்வளவு அகலத்தில் வரும் என்று சொல்லும் 'சைசஸ்' (sizes) எழுதாவிட்டால், படம் திரை முழு அகலத்துக்கும் வரும் என்று பிரவுசர் எடுத்துக்கொண்டு பெரிய கோப்பையே இழுக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். லேஸி லோடிங்கை (படம் இருக்கும் இடத்துக்கு ஸ்க்ரோல் செய்யும்போதுதான் அதை இறக்கும் முறை) கீழே உள்ள படங்களுக்கு மட்டும் போடுங்கள். முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்குப் போட்டால் அதுவே தாமதமாகும்.

கேள்வி: ஜிப் செய்து மெயிலில் அனுப்பினால் குறையுமா?

பதில்: ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது, ஜிப்பில் பெரிதாக ஒன்றும் குறையாது. மெயிலில் இணைப்பு ஏறும்போது குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு வேறு கூடும். வரம்பு 25 எம்பி என்றால் 18 எம்பிக்குள் நிறுத்துங்கள்.