குளிசையை விட்ட மூன்றாம் நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை, வயது 34. கணவர் கொழும்பில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்போது சாப்பாடு, தூக்கம் எல்லாம் போய், பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடக்கூட எழும்ப முடியாமல் கிடந்தேன். கிளினிக்கில் மனச்சோர்வு நோய் என்று சொல்லி, செர்ட்ரலின் என்ற குளிசை 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். 14 மாதமாகக் குடிக்கிறேன், கடைசி 9 மாதமாக நன்றாகவே இருக்கிறேன். போன ஜூனில் மழைக்கு மண் சரிந்து பாதை மூடியதால் கிளினிக் போக முடியவில்லை. குளிசை முடிந்தது, சரி இதோடு விட்டுவிடுவோம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினாலே மண்டைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருந்தது. லயத்துப் படியில் இறங்க முடியாமல் கிறுகிறுப்பு, ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு, ஒன்றுமில்லாததுக்கெல்லாம் அழுகை. ஆறாம் நாள் மருந்து கிடைத்துக் குடித்தேன், இரண்டே நாளில் எல்லாம் போய்விட்டது. "நீ மருந்துக்கு அடிமையாகிட்ட, இனி சாகும்வரைக்கும் விட ஏலாது" என்கிறாள் நாத்தனார். உண்மையா? எனக்கு விடவேண்டும் என்று ஆசை. (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, உண்மை இல்லை. அடிமையானவருக்கு அளவு கூடிக்கொண்டே போகும், அது கிடைக்காவிட்டால் மனசு அதைத் தேடி அலையும். நீங்கள் 14 மாதமும் அதே 50-இல் இருந்தீர்கள், விடத்தான் ஆசைப்பட்டீர்கள். நடந்தது வேறு. மூளையில் செரட்டோனின் என்று ஒரு பொருள் இருக்கிறது, நரம்புகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இந்தக் குளிசை தடுக்கிறது, அதற்குப் பழகிப்போன மூளையிடமிருந்து திடீரென்று அதைப் பிடுங்கினால் அது தடுமாறத்தான் செய்யும். செர்ட்ரலின் ஏறக்குறைய 26 மணித்தியாலத்தில் உடம்பில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் இரண்டாம், மூன்றாம் நாளே உங்களுக்குத் தெரிந்தது. இதே வகையான ஃப்ளுவொக்செடின் குளிசை குடிக்கிறவர்களுக்கு அது வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், விட்டாலும் இவ்வளவு சீக்கிரம் தெரியாது.

பழைய நோய் திரும்பிவிட்டதோ என்ற பயமும் உங்கள் எழுத்துக்குள் இருக்கிறது, நேராகக் கேட்கவில்லை, ஆனால் தெரிகிறது. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெதுவாக வரும். தூக்கம் கெடும், எதிலும் பிடிப்பு இருக்காது, காலையில் எழும்ப மனசு வராது. மண்டையில் கரண்ட் அடிப்பது அந்த நோயின் குணம் இல்லை. அதோடு, மருந்தைத் திரும்பத் தொடங்கி இரண்டே நாளில் சரியாகிவிட்டது என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய சாட்சி. நோய்தான் வந்திருந்தால் அது தணிய வாரங்கள் பிடிக்கும்.

நான் 26 வருடம் தாதியாக இருந்தவள், அம்மா இறந்த வருடம் இதே குளிசையை நானும் குடித்தேன். தேறியதும் ஒரே நாளில் விட்டேன். ஐந்தாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், தலையைத் திருப்பினேன், உள்ளே ஒரு வெட்டு வெட்டியது. பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றேன், நோய் வந்துவிட்டது, இனி நான் அவ்வளவுதான் என்று. அன்று யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விடலாம். தேறிய பிறகு குறைந்தது 6 மாதம், கூடுதலாக 9 முதல் 12 மாதம் வரை மருந்தைத் தொடர்ந்து குடிக்கச் சொல்வார்கள், நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் டொக்டரிடம் சொல்லி, அவர் போட்டுத்தரும் கணக்கில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். வழக்கமாக 50-ஐ 25 ஆக்கி சில வாரம் பார்ப்பார்கள், பிறகு அதிலும் பாதி. கவனமாக இருக்கவேண்டியது கடைசியில்தான். சின்ன அளவுகூட மூளையில் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும், ஆகவே 50-இலிருந்து 25-க்கு இறங்குவதைவிட 12-இலிருந்து ஒன்றுமில்லாமல் ஆவது உடம்புக்குப் பெரிய இறக்கம். கீழே வர வர இன்னும் மெதுவாக, மாதக்கணக்கானாலும் பரவாயில்லை. கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடியில் ஒரு கிளையை விட்டுவைத்து, புதுத்துளிர் வந்த பிறகு அதை எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். ஒரு படியில் கரண்ட் அடித்தால் முந்தின அளவுக்குத் திரும்பிப் போய் கொஞ்ச நாள் நின்றுவிட்டு, அடுத்த தடவை இன்னும் சின்னதாக இறங்கலாம். அப்புறம், ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்துக் குறைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. செர்ட்ரலினுக்கு அது வேண்டாம், அளவு ஏறி இறங்கி உடம்பைப் போட்டுப் புரட்டும். தினமும் குடித்துக்கொண்டே குறைக்கவேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மண்சரிவும்தான். பாதை மூடினால் கிளினிக் தவறும், குறைத்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஆகக்கூடாது. ஜனவரி, பெப்ரவரி மாதிரி வெயில் காலம் நல்லது. கணவரின் திவசம் வரும் மாதம் வேண்டவே வேண்டாம். அதுவரைக்கும் கையில் எப்போதும் இரண்டு வாரத்துக் குளிசை மிச்சம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் வருமுன்பே டொக்டரிடம் கேட்டால் கூடுதலாக எழுதித் தருவார்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள், எத்தனையோ பேர் அப்படித்தான் கிளினிக் கொப்பியை நீட்டிவிட்டு வருகிறார்கள். எந்தத் தேதியில் நின்றது, எந்த நாளில் என்ன செய்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள், சிங்களம் தெரிந்த யாரையாவது கூட்டிப்போங்கள். "கரண்ட்" என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அதைச் சொன்னாலே பாதி புரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2021-இல் பிரிட்டனில் 478 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், பெரும்பாலும் பலமுறை இந்த நோய் வந்துபோனவர்கள். மெதுவாகக் குறைத்து நிறுத்தியவர்களில் ஒரு வருடத்துக்குள் 100-க்கு 56 பேருக்குத் திரும்ப வந்தது. மருந்தை விடாமல் குடித்தவர்களிலும் 39 பேருக்கு வந்தது. உங்களுக்கு இது முதல் தடவை, அந்தக் கணக்கை அப்படியே உங்கள்மேல் வைக்கமுடியாது. ஆனாலும் விட்டபிறகு ஒரு வருடம் உங்களைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், நாத்தனாரிடமே இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பழையபடி தலைவாரிவிட எழும்பமுடியாத காலை இரண்டு வாரம் தொடர்ந்தால் அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் காத்திருக்காமல் போகவேண்டும். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே மனநல உதவிக்கான 1926-க்கு எடுங்கள், 24 மணித்தியாலமும் இருப்பார்கள். ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், காசு கிடையாது.

கேள்வி: நான் மனச்சோர்வுக்குக் குடித்த மருந்தை நிறுத்திவிட்டேன், மீதிக் குளிசையை அதே கவலையில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. சிலருக்குக் கவலை ஒரு பக்கமும் அளவுமீறின உற்சாகம் மறுபக்கமும் மாறிமாறி வரும், அவர்களுக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் அந்த மறுபக்கம் கிளம்பிவிடக்கூடும். ட்ரமடோல் மாதிரி வலிக்குளிசையோடு சேர்ந்தாலும் ஆபத்து. மீதியை மருந்து கொடுக்கும் இடத்தில் திருப்பிக் கொடுங்கள். அக்காவை நீங்களே ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளே கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். வாசல்வரை வந்து, பெஞ்சில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.